விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை, நிறுத்தி நிறுத்தி

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். விழுப்புரம் - நாகப்பட்டினம் தடத்தில் மட்டும் 11 வருடம் ஓட்டியிருக்கிறார். பாண்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் என்று எந்த ஊரில் எந்த வேகத்தடை பெயிண்ட் அழிந்து கிடக்கும், எந்தப் பாலத்தில் மழை பெய்தால் வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நானோ சிதம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. அவர் நாள் தவறாமல் போய்வந்த கடற்கரை எனக்கு டிக்கெட்டில் அச்சடித்த ஊர்ப் பெயர்களாகத்தான் இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற பிறகு பழைய ஆல்ட்டோ கார் ஒன்று வாங்கினோம். போன மாசி மாதம் மூன்று நாள் அந்தத் தடத்திலேயே போய்வரலாம் என்று கிளம்பினோம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "என்னங்க, இந்தத் தடவை நான் சொல்ற இடத்துல எல்லாம் நிக்கணும்."

"டைம் கீப்பருக்குப் பதில் சொல்ற காலம் முடிஞ்சுபோச்சும்மா. நீ எங்க சொல்றியோ அங்க பிரேக்" என்றார்.

புறவழிச்சாலை பக்கமே அவர் போகவில்லை. பழைய ரோட்டிலேயே, ஊருக்குள் புகுந்து புகுந்து ஓட்டினார். பேருந்து நிறுத்தம் வந்தால் அவர் கால் தானாகவே பிரேக்கைத் தொட்டது. எதிரே அரசுப் பேருந்து வந்தால் கை தூக்கினார். உள்ளே இருந்த இளம் ஓட்டுநர்களும் பதிலுக்குக் கை தூக்கினார்கள். யாரென்று தெரியாமலேதான்.

பாண்டி எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. அங்கே நிற்கவில்லை. முதலில் நிறுத்தச் சொன்னது கடலூருக்குச் சற்று முன்னால், குண்டு உப்பலவாடியில்.

கடலூர் டவுன் பஸ் ஓட்டிய காலத்தில் இந்த ஊர்ப் பெயரை அவர் எத்தனையோ தடவை போர்டில் மாட்டியிருக்கிறார். ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் வந்த பெயர் என்றுதான் டிப்போவில் பேசிக்கொள்வார்களாம். நான் நூலகத்தில் படித்ததைச் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முழுதாகக் கேட்டார்.

1690-இல் செஞ்சியைக் கையில் வைத்திருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்று பேச்சு வந்தபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ அதுவரை கம்பெனிக்கு என்று முடிவாயிற்று. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். நல்ல பித்தளைப் பீரங்கியும், அதைச் சுடத் தெரிந்த ஆளும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். செப்டம்பர் மாதத்தில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூருக்குள் இன்றும் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பாட்டி வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். "குண்டு வுழுந்த ஊருதான் கண்ணு. வெள்ளக்காரன் சுட்டது. எங்க ஆயா சொல்லும்" என்றார், நேற்று நடந்ததைப் போல. புத்தகத்தில் இருப்பது அந்தப் பாட்டியிடமும் இருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக் கையில் கொடுத்துக்கொண்டே அவர் அதைச் சொன்னார்.

அன்றைக்கு வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். காலையில் மராட்டியருக்கு வரி கட்டியவர்கள். ஒரு வெடிச் சத்தம். குண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் விழுந்ததா இந்தப் பக்கம் விழுந்ததா என்பதைப் பொறுத்து ஆள்கிறவர் யார் என்று மாறிவிட்டது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது மனசு ஆறவில்லை, இப்போது எழுதும்போதும்.

தேவனாம்பட்டினத்தில் அந்தக் கோட்டையைத் தேடினால் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கெடிலம் கடலோடு சேரும் பக்கம் கொஞ்சம் சுவர், கொஞ்சம் மேடு. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கம்பெனிக்குத் தென்னாட்டில் தலைமை இடமே இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினார். குண்டால் அளந்து வாங்கிய கோட்டை போய்விட்டது, குண்டு விழுந்த ஊர்ப் பெயர்கள் போகவில்லை.

பரங்கிப்பேட்டையில் அரை மணி நேரம்தான். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இங்கே இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இந்த ஊர் என்றால் வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். ஏற்றி இறக்கி முடிப்பதற்குள் பத்து நிமிடம் லேட்டாகிவிடுமாம். இரவு சிதம்பரத்தில் தங்கினோம். காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. அதைப்பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

பூம்புகாரில் கடலைப் பார்த்தபடி நின்றபோது, காவிரி கடலில் கலக்கும் இடத்தை அவர் கையைக் காட்டிச் சொன்னார். ஒடுங்கிப்போய் ஒரு வாய்க்கால் மாதிரி வந்து சேருகிறது. குடகில் புறப்பட்டு, மேட்டூரில் நின்று, திருச்சியில் அகண்டு, தஞ்சை மாவட்டம் முழுக்க வாய்க்கால் வாய்க்காலாகத் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வரும்போது அதனிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். கீழையூரில் அகழாய்வில் கிடைத்த செங்கல் படகுத்துறையைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் வெயில் ஏறிவிட்டது, தரங்கம்பாடிக்கு அவசரப்படுத்தியவளும் நான்தான்.

தரங்கம்பாடிக்கு நான் போக நினைத்தது இந்த வருடத்தில் அல்ல. 1988-இல் எனக்கு 19 வயது. விழுப்புரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். இடது கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக், வலது கையால் கேஸ் என்கிற அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். ஈய எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சின்னக் காடி வெட்டியிருக்கும். விரல் அதைத் தடவியே எழுத்தின் தலைப்பக்கம் எது கால்பக்கம் எது என்று கண்டுபிடித்துவிடும். கொம்பு தனி, கால் தனி. 'கோ' கோர்க்க மூன்று தடவை கை போய்வரும். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் பத்திரிகை மேல் பத்திரிகையாக வரும்போது கொம்பு தீர்ந்துவிடும். அடித்து முடித்த பக்கத்தைப் பிரித்து, எழுத்தைத் துடைத்து, அந்தந்த அறையில் திரும்பப் போட்டால்தான் அடுத்த மாப்பிள்ளையின் பெயரைக் கோர்க்க முடியும்.

அந்த அச்சகத்தின் முதலாளி ஐயா ஒருநாள் சொன்னார்: "நீ இப்ப பண்ற வேலைய தரங்கம்பாடியில முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்காங்க." அன்றைக்குத் தொடங்கிய ஆசை.

சிலர் தமிழில் முதல் அச்சே தரங்கம்பாடியில்தான் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1578-இல் கொல்லத்திலேயே தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் நடந்தது வேறு. இடையில் ஒரு நூற்றாண்டாய் ஏறக்குறைய ஓய்ந்து கிடந்த வேலை இங்கே திரும்ப உயிர்பெற்று, நின்று நிலைத்தது.

1706 ஜூலையில் சீகன்பால்க் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயதுதான். ஜெர்மானிய மதபோதகர். அனுப்பியவர் டென்மார்க் அரசர். தமிழ் படிக்க அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியிருக்கிறார். டேனிஷ் கோட்டையின் தளபதியோடு மோதல் வந்து நான்கு மாதம் அந்தக் கோட்டைக்குள்ளேயே சிறையிலும் இருந்திருக்கிறார்.

இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தது. வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். இயந்திரத்தோடு கிளம்பிய அச்சுக்காரர் கடலிலேயே இறந்துபோனார். அடுத்த வருடம் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் எழுத்து பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கம்பாசிட்டருக்கு வரும் பதைப்பு வந்துவிடும். கையில் எழுத்து இருக்கிறது, காகிதத்துக்கு அடங்காது. அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தாக வார்த்தார்கள். ஈயத்துக்கு, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று படித்திருக்கிறேன். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. அதே காலத்தில் பக்கத்தில் பொறையாறு பக்கம் காகிதம் செய்யவும் ஆலை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. அது மட்டுமா? வேறு சபையான கத்தோலிக்கத்தைச் சேர்ந்த வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணமும் 1738-இல் இங்கேதான் அச்சாயிற்று.

ஊருக்குள் நுழையும்போதே பழைய நகர வாசல் வரும். 1792 என்று வருடம் போட்டிருக்கும். வெள்ளையடித்த அந்த வாசலுக்குள் கார் புகுந்ததும், 'ராஜ வீதி'யின் அமைதி பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், கடைசியில் கடல். தெரு நடுவிலேயே, அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் புதிய எருசலேம் ஆலயம். 1718-இல் கட்டியது. முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரை. உள்ளே பீடத்துக்கு முன்னால் சீகன்பால்கின் கல்லறை. 1719 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு 36 வயது. நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போய் அந்தக் கல்லைக் குனிந்து தொட்டேன். என் மதம் வேறு. ஆனால் என் கைத்தொழில் அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது.

வெளியே வந்ததும் அவர் என் வலது கையைப் பிடித்துப் பார்த்தார். "இந்த விரல்லதானே அப்பல்லாம் மை கறுப்பா இருக்கும்? மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் போவாது. சாப்பாட்டுல ஈய வாசனை வரும்" என்றார். கல்யாணமான புதிதில் நான் பரிமாறிய சாப்பாட்டில் ஈய வாசனை வந்ததை அவர் 30 வருடம் கழித்துச் சொல்கிறார். அன்றைக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

கோட்டைக்கும் போனோம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இந்த இடத்தைக் கொடுத்தார். அவர் டென்மார்க் அரசருக்குப் பனையோலை வடிவத்தில் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கோட்டை மாடியில் நின்றால் கடல் கண்ணுக்கு முன்னால் விரிகிறது. எனக்குக் கோட்டையைவிட அதன் வடக்கே கரையோரம் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில்தான் மனசில் நின்றது. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். கல்லில் கட்டியதைக் கடல் எடுத்துக்கொண்டது. ஈயத்தில் கோர்த்ததோ ஐரோப்பிய நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் காரைக்காலில் பெட்ரோல் போட்டோம். பாண்டிச்சேரி யூனியன் பிரதேசக் கணக்கில் வருவதால் விலை குறைவு. இந்தத் தடத்து ஓட்டுநர்கள் எல்லாரும் டாங்கைக் காலியாக்கிக்கொண்டுதான் காரைக்காலுக்குள் வருவார்களாம். நாகூரில் தர்காவுக்குள் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வெளியே வந்து சூடாக இறால் வைத்த வாடா வாங்கிக்கொண்டோம்.

நாகப்பட்டினம் வந்ததும் அவர் பேச்சுக் குறைந்தது.

இந்த ஊரில் ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தது. அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடுகள் கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் வரை போயின. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் சொன்ன மூன்றடுக்குக் கட்டடம் 1867 வரை நின்றது, அதையும் இடித்துவிட்டார்கள். இங்கே மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் சிலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் "ம்" கொட்டினார். கடல் இருந்த பக்கம் திரும்பவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவு அவர் நாகப்பட்டினத்தில் நைட் ஹால்ட். காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டார். ஒன்பது மணி வாக்கில் கடல் ஊருக்குள் வந்தபோது அவர் சிதம்பரத்தைத் தாண்டிவிட்டார். அது எனக்குத் தெரியாது. எங்களிடம் செல்போன் கிடையாது. பக்கத்து வீட்டு டிவியில் நாகப்பட்டினம், நாகப்பட்டினம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மதியம் ஒரு மணிக்கு அவர் தெருமுனையில் சாப்பாட்டுப் பையோடு நடந்து வந்தார். அன்றைக்கு அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். பிறகு மூன்று வருடம் அதே தடத்தில் ஓட்டினார். நாகப்பட்டினத்துக்கு என்னை அழைத்துப் போங்கள் என்று நானும் கேட்டதில்லை.

இப்போது அவரே பேருந்து நிலையத்தின் வெளியே காரை நிறுத்தினார். "வா, ஒண்ணு காட்டறேன்."

உள்ளே விழுப்புரம் வண்டி நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். கோடையில் வண்டியின் கூரைமேல் பாய் விரித்துப் படுப்பாராம். மழைக்காலத்தில் உள்ளே கடைசி நீள சீட். அதன் ஒரு முனையில் தலை, மறுமுனையில் கால், ஆறடி ஆள் முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். கொசுவுக்குப் பழைய வேட்டியை முகத்தின்மேல் போட்டுக்கொள்வாராம். "அந்த விளக்குக் கம்பம் இருக்குல்ல, அதுக்கு நேரா ஜன்னல். வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க பாடிக்கிட்டே போவாங்க. அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன்."

11 வருடம் பாதி இரவுகள் அவர் எங்கே தலை சாய்த்தார் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நின்றிருந்த வண்டியின் பின்பக்கம் போய், கண்ணாடி வழியாக அந்தக் கடைசி சீட்டை எட்டிப் பார்த்தேன். ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது.

டீ வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். இரவு ஒன்பதே முக்காலுக்கு விழுப்புரம் வண்டி ரிவர்ஸ் எடுத்தது. அவர் தன்னை அறியாமல் எழுந்து, பின்பக்கம் போய் நின்று, "வா, வா, ரைட்ல ஒடி" என்று அந்தப் பையனுக்குக் கை காட்டினார். வண்டி திரும்பி வெளியே போனது.

"இது ஊருக்குப் போய்ச் சேர மூணு மணி ஆயிடும்" என்றார்.

எனக்குத் தெரியும். அந்த மூன்று மணிக்கு எழுந்து, வெந்நீர் வைத்து, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, திண்ணையில் அவருக்காக உட்கார்ந்திருந்தவள் நான்.